புலி வண்டுக்கு ஒரு முழம் வெறுந்தரை

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதக் காலையில், பாகூர் பக்கம் இருக்கும் என் வயலில் விளக்குப் பொறியின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வங்கியில் எண்ணிப் பழகிய கை, எதைக் கண்டாலும் எண்ணாமல் விடாது. குருத்துப்பூச்சியின் தாய் அந்து ஒன்பது. இலைச்சுருட்டுப் புழுவின் அந்து ஏழு. பச்சைத் தத்துப்பூச்சி ஒரு கைப்பிடி, அதை எண்ண முடியாது. நாலைந்து நீர் வண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், சோப்புத் தண்ணீரில் நீண்ட கால்களை மடக்கிக்கொண்டு, கரும்பச்சைப் பளபளப்போடு, முதுகில் ஆறு வெளிர் மஞ்சள் பொட்டு வைத்த வண்டுகள் கிடந்தன. அவற்றையும் எண்ணினேன். இருபத்து மூன்று.

அன்றைக்கு எனக்கு அதன் பெயர் தெரியாது. படம் பிடித்துத் தெரிந்த வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டினேன். "இது புலி வண்டு சார். உங்க வயலுக்கு ராத்திரி பகல் காவல் நிக்கிற ஆளு. இத ஏன் சார் புடிச்சீங்க?" என்றார். நான் எங்கே பிடித்தேன்? சூரிய சக்தி விளக்கை வாங்கி நட்டு, விடிய விடிய எரியவிட்டிருந்தேன். அது தானாக வந்து விழுந்தது. சம்பளம் கேட்காத காவல்காரனை விளக்கு வைத்துக் கூப்பிட்டுக் கொன்றவன் நான்தான்.

அந்த வாளிக்குப் பிறகுதான் இந்த வண்டைப் பற்றிப் படிக்கவும், வரப்பில் குந்திப் பார்க்கவும் ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, விளக்கு என் தப்பில் பாதிதான் என்று புரிந்தது. மீதிப் பாதி நம் இயக்கத்தில் நாமெல்லாம் வேதம் மாதிரி சொல்லும் ஒரு வாசகத்தில் இருக்கிறது: மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாதே. அந்த வாசகத்துக்கு ஒரு விலக்கு வேண்டும் என்று வாதாடத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளை அடையாளம் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகு வரப்பிலோ ஒத்தையடிப் பாதையிலோ நடந்து போகும்போது, உங்களுக்கு நாலைந்து அடி முன்னால் ஏதோ ஒன்று ஈ மாதிரி எழும்பிப் பறந்து, கொஞ்ச தூரத்தில் தரையில் இறங்கி, உங்கள் பக்கமாகவே திரும்பி நிற்கும். இன்னும் நாலு எட்டு வைத்தால் மறுபடி எழும்பும், மறுபடி இறங்கும். பலரும் அதை ஈ என்று நினைத்துவிட்டுப் போய்விடுகிறோம். எங்கள் வயலில் களையெடுக்க வரும் அம்மாவிடம் கேட்டேன், இதை முன்னாடி பார்த்திருக்கிறீர்களா என்று. "பாக்காம இன்னா சார்? சின்னப் புள்ளையிலேருந்து பாக்கறேன். நம்மள எங்கியோ கூட்டிக்கினு போற மாதிரி முன்னாடியே போவும். கையில புடிச்சிடாதீங்க, கடிச்சிடும்" என்றார். ஜப்பானில் இந்த வண்டுக்கு 'வழி சொல்லி' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு என்று பிறகு படித்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்தேன்.

உலகத்தில் புலி வண்டு இரண்டாயிரம் இனங்களுக்கு மேல் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் இருநூறுக்கு மேல். என் வாளியில் கிடந்த ஆறு பொட்டுக்காரனுக்கு 1775இல் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் 'செக்ஸ்பங்க்டாட்டா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் ஆறு புள்ளி என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்றைக்கு அதைக் 'கலோக்ரோவா' என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். நெல் வயலில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய வண்டு இது. நெல்லின் கதிர் நாவாய்ப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வண்டு என்று நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பூச்சியியல் நூல்களிலேயே இதைக் குறித்திருக்கிறார்கள். பால் பிடிக்கும் பருவத்தில் நாவாய்ப் பூச்சியின் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயரில் புலி இருப்பது சும்மா இல்லை. முகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாகப் பிதுங்கிய பெரிய கண், முன்னால் இரண்டு கதிர் அரிவாளைக் குறுக்கே வைத்த மாதிரித் தாடை. எறும்பு, ஈ, தத்துப்பூச்சி, சிறு புழு, சின்னச் சிலந்தி என்று தன்னால் சமாளிக்க முடிகிற எதையும் துரத்திப் பிடிக்கும். பிடித்ததைத் தாடையால் கசக்கி, தன் செரிமான நீரை அதன்மேல் விட்டு, கூழாக்கி உறிஞ்சும். சக்கையைத் துப்பிவிடும்.

ஓட்டம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு புலி வண்டு நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடுவதை அளந்திருக்கிறார்கள். மணிக்கு 9 கிலோமீட்டர். விரற்கடை அளவு உடம்புக்கு இது அசுர வேகம். நம்மூர் வண்டு அந்த அளவு ஓடாவிட்டாலும், அதன் ஓட்டத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஓடும், சட்டென்று நிற்கும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். களைத்துப்போய் நிற்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் வேறு. அது ஓடும் வேகத்துக்கு அதன் கண் ஈடுகொடுப்பதில்லை. ஓடும்போது எதிரில் இருப்பதெல்லாம் கலங்கி, இரை எங்கே என்று தெரியாமல் போகிறது. அதனால் நின்று பார்த்து, திசையைச் சரிசெய்துகொண்டு மறுபடி பாய்கிறது. அப்படியானால் ஓடும் நேரத்தில் கல்லிலும் கட்டியிலும் மோதிக்கொள்ளாதா? அதையும் அவர்கள் 2014இல் எழுதினார்கள். ஓடும்போது இரண்டு உணர்கொம்பையும் முன்னால் விறைப்பாக நீட்டி வைத்துக்கொள்கிறது. கண் தெரியாதவர் கையில் கோல் இருக்கிற மாதிரி, தடையைக் கொம்பால் தொட்டு உணர்ந்து உடம்பைத் தூக்கி ஏறிப் போய்விடுகிறது.

உச்சி வெயிலில் பார்த்தால் எல்லாக் காலையும் நீட்டி, உடம்பைத் தரையிலிருந்து முடிந்த மட்டும் உயர்த்திக்கொண்டு நிற்கும். சூட்டிலிருந்து அந்த அரை அங்குலம்தான் அதற்குக் கிடைக்கும் மாடி. அதற்கும் மேல் சுட்டால் நிழலுக்கோ ஈர மண்ணுக்கோ போய்விடும். சாயங்காலம் புல்லிலோ இலையிலோ ஏறி அடையும். ராத்திரி விளக்கு கண்டால் வரும். அப்படித்தான் என் வாளிக்கு வந்தது.

இதெல்லாம் வளர்ந்த வண்டின் கதை. விவசாயிக்கு முக்கியமான கதை மண்ணுக்குள் இருக்கிறது. அதை நான் ஓராண்டு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

தாய் வண்டு முட்டைகளைக் குவியலாக இடாது. மண்ணின் ஈரத்தையும் இறுக்கத்தையும் சோதித்துப் பார்த்து, ஓரிடத்தில் சிறு குழி செய்து ஒரே ஒரு முட்டை வைக்கும். பிறகு வேறு இடம் பார்க்கும். முட்டையிலிருந்து வரும் புழு, பிறந்த இடத்திலேயே நேர்க் கீழாக வளை தோண்டும். வளர வளர அதே வளையை அகலமாக்கி ஆழமாக்கும். பெரும்பாலும் இடம் மாறாது. தாய் எந்த இடத்தைப் பார்த்து வைத்தாளோ அதுதான் அதன் வீடு, வயல், கோட்டை எல்லாம்.

அந்தப் புழுவின் உடம்பு 'எஸ்' வடிவத்தில் வளைந்திருக்கும். தலையும் கழுத்தும் சேர்ந்து மண் நிறத்தில் தட்டையான ஒரு வட்டத் தட்டு. வளையின் வாயில் சரியாகப் பொருந்துகிற மூடி அதுதான். புழு மேலே வந்து தலையால் வாயை அடைத்துக்கொண்டு, கண்ணையும் தாடையையும் வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு காத்திருக்கும். மணிக்கணக்கில் அசையாது. முதுகில் ஐந்தாவது வளையத்தில் ஒரு திமில் உண்டு. அதில் முன்னோக்கி வளைந்த கொக்கிகள். எறும்போ ஈயோ பக்கத்தில் வந்தால், உடம்பைப் பின்னால் வளைத்து வெளியே பாய்ந்து கவ்வும். கவ்விய இரை எவ்வளவு திமிறினாலும் புழுவை வெளியே இழுக்க முடியாது, திமில் கொக்கி வளையின் சுவரில் மாட்டியிருக்கும். இரையை உள்ளே இழுத்துப் போய்த் தின்றுவிட்டு, சக்கையை மேலே கொண்டுவந்து எறிந்துவிடும்.

மூன்று பருவம் இப்படி வளர்கிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கடைசியில் உள்ளேயே கூட்டுப்புழுவாகி, மழை பெய்து மண் நெகிழ்ந்த ஒரு நாளில் வண்டாக வெளியே வரும். இதற்கு ஆகும் காலம் இனத்தையும் இரை கிடைப்பதையும் பொறுத்துச் சில மாதத்திலிருந்து ஓராண்டுக்கு மேலும் போகும். இரை குறைந்தால் பட்டினி கிடந்து மெதுவாக வளரும். வண்டாக வெளியே ஓடித் திரிவது அதன் ஆயுளில் சின்னப் பகுதிதான். பெரும்பகுதி, பென்சில் கனமுள்ள ஒரு துளைக்குள் கழிகிறது.

அந்தத் துளையை அடையாளம் கண்டுபிடிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நின்றுகொண்டு தேடினால் நீங்கள் நடந்து வந்த அதிர்ச்சியிலேயே புழு உள்ளே இறங்கியிருக்கும், துளை திறந்து கிடக்கும். கச்சிதமான வட்டம், ஓரம் வழவழப்பு. நண்டு வளை மாதிரி மண் உருண்டை வாயில் குவிந்திருக்காது, எறும்புப் புற்று மாதிரிப் பொடி மண் இருக்காது. குழியானை பொலபொலவென்ற மணலில் புனல் மாதிரிக் குழி பறிக்கும் இல்லையா, இது அப்படி இல்லை. இறுகிய மண்ணில் ஆணி இறக்கி எடுத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் அசையாமல் ஒரு பத்து நிமிஷம் குந்தியிருங்கள். துளை காணாமல் போகும். எங்கே போனது என்று உற்றுப் பார்த்தால், மண்ணோடு மண்ணாக ஒரு வட்ட முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையை அசைத்தால் முகம் மறைந்து துளை தோன்றும். என் பேரப்பிள்ளைகளுக்கு இதைக் காட்டியதிலிருந்து கைப்பேசியைக் கேட்பது குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனாலும் அரைமணி நேரம் கேட்கவில்லை.

இப்போது என் இரண்டாவது தப்புக்கு வருகிறேன்.

வாளியைப் பார்த்த அதே ஆண்டு, அறுப்பு முடிந்ததும், ஒரு பயிற்சியில் கேட்ட உற்சாகத்தில் வயலின் நாலா பக்கமும் வரப்பை அகலப்படுத்தினேன். இயந்திரம் வைத்து மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டேன். அதன்மேல் வைக்கோலும் தென்னை மட்டையும் அரை அடி கனத்துக்கு மூடாக்கு. எஞ்சிய பாதையில் கூட இலைதழை. பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. வந்த நண்பர்கள் படம் எடுத்தார்கள். மண்புழு வந்தது, ஈரம் நின்றது, எல்லாம் உண்மை. அடுத்த மழைக்காலத்தில் எனக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போக வரப்பில் ஒன்றும் இல்லை. பக்கத்து வயல்காரர் ரசாயன விவசாயி. அவர் வயலுக்குப் போகும் மாட்டுவண்டித் தடத்தில் பத்துப் பதினைந்து ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மருந்தே அடிக்காதவன் வயலில் இல்லாதது, மருந்து அடிப்பவன் தடத்தில் எப்படி இருக்கிறது? காரணம், அவர் அந்தத் தடத்தைத் தொடுவதில்லை. வெயில் படும், மண் இறுகி இருக்கும், ஓரத்தில் அருகம்புல்லும் எறும்பும் இருக்கும். அதற்கு வேண்டியது அவ்வளவுதான். நான் செய்ததோ, வளைகளைப் புரட்டிக் கொன்றதோடு, மிச்சம் இருந்தவற்றின் தலைமேல் வைக்கோலையும் போட்டேன். வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் புழு வைக்கோலுக்கு அடியில் எதைப் பார்க்கும்? முட்டையிட வரும் தாய் எந்த மண்ணைச் சோதிக்கும்?

வெள்ளம் வந்தால்கூட இந்தப் புழு தாங்கும். அமேசான் ஆற்று வெள்ளச் சமவெளியில் ஒரு புலி வண்டின் புழு மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்து பிழைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வண்டுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி உண்டு என்று நான் சொல்லவரவில்லை. மழையையும் வெயிலையும் எதிர்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. ரோட்டோவேட்டருக்கு வழி இல்லை.

விஷமே இல்லாமல் ஒரு வண்டை அழிக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அதன் வடகிழக்குக் கடற்கரை மணலில் ஒரு புலி வண்டு முன்பு கூட்டம் கூட்டமாக இருந்தது. கடலோர மணலில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன, கூட்டம் பெருகியது, கரையோரம் சுவர் எழும்பியது. மணலுக்குள் இருந்த புழு நசுங்கியது. 1990இல் அந்நாட்டு அரசு அதை அழிவை நோக்கிப் போகும் உயிர்களின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. யாரும் மருந்து அடித்துக் கொல்லவில்லை. சக்கரம் போதுமாக இருந்தது.

எங்கள் புதுச்சேரிக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப் போய், நகரத்துக்கு முன்னால் கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். என் வயதுக்காரர்கள் மணலில் விளையாடிய இடம் பிள்ளைகளுக்குப் பாறையாகத்தான் தெரியும். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரில் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. புலி வண்டில் கடலோர ஈர மணலிலேயே வாழும் இனங்களும் உண்டு. கருங்கல்லில் அது எங்கே வளை தோண்டும்? மணல் போனதைப் பற்றிப் பேசும்போது நாம் மீனவரின் கட்டுமரத்தைப் பேசினோம், சுற்றுலாவைப் பேசினோம். இரண்டும் நியாயம்தான். மணலுக்குள் இருந்தவற்றைப் பேச ஆள் இல்லை.

ஒரு காலத்தில் ஆள் இருந்தது. 1896இல் மொரீஸ் மேந்த்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கம் வந்து, புதுச்சேரி, செஞ்சி என்று அலைந்து வண்டு சேகரித்தார். நாவலாசிரியரும்கூட. சோழமண்டலக் கரையைப் பற்றி 1907இல் பயண நூலே வெளியிட்டார். அவர் பிடித்தவற்றில் புலி வண்டுகளும் இருந்தன, பிரான்சின் பூச்சியியல் சங்க ஏட்டில் அவற்றைப் பற்றி எழுதினார். நம் வரப்பில் ஓடிய வண்டு பாரிஸில் ஊசி குத்தி அட்டையில் இருக்க, நமக்கு அதற்குப் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அந்தக் களையெடுக்கும் அம்மாவுக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியவில்லையே. வங்கியில் இருந்த காலத்தில் கடனுக்கு நிலம் பார்க்கப் போவேன். கிணறு, மோட்டாரின் குதிரைத்திறன், மாடு, தென்னை எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு. வரப்புக்குக் கட்டம் கிடையாது. எங்கள் ஊர்ப் பட்டாவில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அளவு இருக்கும். சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர். அவ்வளவு நுணுக்கமாக அளந்தும் வரப்பு யார் கணக்கிலும் வருவதில்லை.

சரி, இதை 'நன்மை செய்யும் பூச்சி' பட்டியலில் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு சங்கடம். பொறி வண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, டிரைக்கோகிரம்மா என்று நாம் சொல்கிறோம். டிரைக்கோகிரம்மாவை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள், வாங்கிக் கட்டுகிறோம். அதனால் அதைப் பற்றிப் பேச ஆளும் துண்டறிக்கையும் இருக்கிறது. புலி வண்டை யாரும் அட்டையில் விற்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி வளை, மாதக்கணக்கில் காத்திருப்பு, உயிருள்ள இரை. விற்க முடியாததால் பரிந்துரையும் இல்லை. தவிர, அது நம் கணக்குப்படி நடக்கவும் நடக்காது. நாவாய்ப் பூச்சியைத் தின்னும், பக்கத்திலேயே நமக்கு உதவும் சிலந்தியையும் தின்னும். எறும்பைத்தான் அதிகம் தின்கிறது என்பது நான் பார்த்த அளவில் தெரிவது. 'அசைவப் பூச்சி' என்று நம் பயிற்சிகளில் சொல்கிறோமே, அதில் நல்ல அசைவம் கெட்ட அசைவம் என்று அது பிரிப்பதில்லை. இதனால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை கூடியது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. போன சம்பாவில் எனக்கு நாவாய்ப் பூச்சியால் கருக்காய் விழத்தான் செய்தது.

பின்னே எதற்கு இவ்வளவு அக்கறை? பியர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தியாவில் கோர்ப்படே போன்றவர்களோடு சேர்ந்து துணைக்கண்டம் முழுக்கப் புலி வண்டுகளை ஆராய்ந்தவர். ஓர் இடத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பதை மதிப்பிட இந்த வண்டுக் குடும்பத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட மண்ணையும் ஈரத்தையும் கேட்பதால், இடம் கெட்டால் முதலில் காணாமல் போவதில் இது ஒன்று. நான் மருந்தை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. அங்ககச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். அந்தச் சான்றிதழ் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அதே ஆண்டில்தான் என் வரப்பில் இது இல்லாமல் போனது. அதிகாரி வந்து மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார். மண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மூடாக்குக்கு நான் எதிரி இல்லை. என் தென்னைக்கும் வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் இன்றைக்கும் மூடாக்குத்தான். பயிர் நிற்கும் மண்ணை மூடுங்கள். நான் கேட்பது வரப்பில், பாதையில், களத்துமேட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம். வெயில் படுகிற, கொத்தாத, மூடாத, சிமெண்ட் போடாத ஒரு முழம். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடச் சொல்கிறார்களே என்றால், போடுங்கள், நானும் போடுகிறேன். எல்லா வரப்பிலும் வேண்டாம். ஒன்றை விடுங்கள். மானியம் கிடைக்கிறது என்று வாய்க்காலின் இரண்டு கரையையும் பாதையோடு சேர்த்துக் காங்கிரீட் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். தண்ணீர் மிச்சம் உண்மைதான், அதற்கு வாய்க்காலுக்குள் போட்டால் போதுமே.

களைக்கொல்லி அடித்த வரப்பும் வெறுமையாகத்தானே இருக்கிறது, அது ஆகாதா என்று ஒரு இளைஞர் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. வெறுமை மட்டும் போதாது. வளையின் வாய்க்குப் பக்கத்தில் எறும்பும் ஈயும் நடமாட வேண்டும், அதற்குப் பக்கத்தில் புல் வேண்டும், ராத்திரி அடைய இலை வேண்டும். ஒத்தையடிப் பாதையைப் பாருங்கள். நடுவில் காலடி பட்டு இறுகிய மண், இரண்டு பக்கமும் புல். நம் பாட்டன் நடந்தே உண்டாக்கிய அந்த அமைப்பு இதற்குக் கச்சிதமாக இருக்கிறது.

நான் இப்போது செய்வது இதுதான். விளக்குப் பொறியை மாலை ஆறரை மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்கெல்லாம் அணைக்கிறேன். தானாக அணையும் கருவி வைத்த விளக்கும் கிடைக்கிறது, என்னுடையது பழசு, அதனால் பக்கத்துக் கொட்டகைப் பையன் அணைக்கிறான். எல்லா நாளும் போடுவதும் இல்லை. அந்து அதிகம் தெரிகிற வாரத்தில் மட்டும். வாளியில் சோப்புத் தண்ணீருக்குப் பதில் காய்ந்த வைக்கோலைப் போட்டுப் பார்த்தேன். அந்து தப்பித்துப் போய்விட்டது. அதனால் மறுபடி தண்ணீர்தான், காலையில் எண்ணிக்கைதான். நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது வரப்பின் பக்கவாட்டை மட்டும் கழிக்கச் சொல்கிறேன், மேல் தளத்தை மண்வெட்டி தொடக்கூடாது. தெற்கு வரப்பில் வைக்கோலை வாரி எடுத்துவிட்டேன். வருகிற நண்பர்கள் "என்ன சார், இங்க மட்டும் மொட்டையா விட்டுட்டீங்க" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சலித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஆண்டு அங்கே ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு வண்டு ஓடியதைப் பார்த்தேன். பக்கத்து வயல்காரரின் வண்டித் தடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவரிடம் நன்றி சொன்னேன், எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. சொல்லிப் புரியவைத்தேன். அடுத்த வாரம் அந்தத் தடத்தில் கப்பி கொட்ட இருந்ததை அறுப்பு வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு என்ன செய்வார் என்று தெரியாது.

இந்தப் புரட்டாசியில் தெற்கு வரப்பில் முட்டி போட்டு எண்ணினேன். பதினோரு துளை. நாலு பெரிது, மீதி குண்டூசித் தலை அளவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துடைப்பக் குச்சி நட்டு வைத்தேன். நேற்றுக் களையெடுக்க வந்த அம்மா குச்சிகளைப் பார்த்துவிட்டு, கூட வந்தவர்களிடம், "அந்தப் பக்கம் மிதிக்காதீங்கடி, சாரோட புள்ளைங்க இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வயலுக்குள் இறங்கிச் சேற்றில் சுற்றிப் போனார்.